தசம் ஆறு இரண்டு

ஐம்பது கிராம் சோடியம் பேர்குளோரேற்றுக்கு
ஏழு மாதம் எடுத்தது.
மூன்று பிரதியில் படிவம், பீடாதிபதியின் ஒப்பம்,
அமைச்சு வாசலில் பையைத் திறந்து,
சாப்பாட்டுப் பெட்டியையும் திறந்து காட்டி,
பிறகு மேசைக்கு முன்னால் ஒரு கதிரை.

எதற்கு என்றார் அதிகாரி.
ஏற்றத்தைச் சமன்செய்ய என்றேன்.
அந்தச் சொல்லின் சிங்களம் எனக்கு நன்றாகத் தெரியும்,
ஆனாலும் ஒருமுறை நாக்கில் தடுக்கிற்று.
நிக்கலுக்கு இரண்டு நேரேற்றம் இருக்கிறது,
தனியே விட்டால் பளிங்கு வராது,
எதிர்ப்பக்கம் யாராவது வேண்டும்.
எதிர்ப்பக்கம் என்பதைத் தாளில் எழுதிக்கொண்டு
அவர் கீழே ஒரு கோடு இழுத்தார்.
நிரந்தர முகவரி: கொக்குவில்.
தற்காலிக முகவரி: வெள்ளவத்தை,
பதினெட்டு வருடமாக.

ஆய்வுகூட யன்னலோரம் சின்னக் குப்பி.
மூடியில் ஊசியால் மூன்று துளை,
மெதனோல் ஆறுதலாகப் போகட்டும் என்று.
கொழும்புக் காற்றுக்கு அவசரம்.
வெளியே போவதைவிட உள்ளே வருவது அதிகம்,
தண்ணீர் வந்து நைதரசனைத் தள்ளிவிட்டுக்
குந்திக்கொண்டால் ஊதா பச்சையாகும்.
ஒக்டோபரில் பிசின். நவம்பரில் பச்சைச் சேறு.
டிசம்பரில் முள்ளுமுள்ளாய் ஒரு குவியல்:
துர்ஸ்டன் வீதியில் பஸ் பிரேக் பிடித்த நேரமெல்லாம்,
கரண்ட் போய் ஜெனரேற்றர் இருமிய நேரமெல்லாம்
ஒரு முளை பிடித்திருக்க வேண்டும்.

மெத்தானந்த, எங்கள் ஆய்வுகூட உதவியாளர்,
நுகேகொடையில் தம்பியின் கராஜிலிருந்து
ஓட்டை ஒட்டிய ஓட்டோ டியூப் ஒன்றைக் கொண்டுவந்தார்.
அளவாகக் காற்றடித்து,
அதன்மேல் உடைந்த கருங்கல் பலகை,
பலகைமேல் குப்பி.
இனி வீதி இங்கே ஏறாது, மிஸ்.
இதற்கெல்லாம் பத்திரிகைக் கட்டுரையில்
இடம் ஒதுக்க மாட்டார்கள்.
செய்முறைப் பகுதியில் ஒரு வரி எழுதினேன்:
அதிர்வற்ற மேடை.

பெப்ரவரியில் ஒன்று. ஒன்றே ஒன்று.
கால் மில்லிமீற்றர், கத்தரிப்பூ நிறம்,
முகங்கள் எல்லாம் வெட்டினாற்போல.
பக்கத்துவீட்டுப் பூனை உதிர்த்த மீசைமயிரால்
எண்ணெய்த்துளிக்குள் தள்ளும்போது
மூச்சை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.
எக்ஸ் கதிர் இயந்திரம் நம்மிடம் இல்லை.
கண்ணாடிக் குழலில் அடைத்து, பஞ்சு சுற்றி,
ஃபின்லாந்துக்கு.

ஹேட்விக் அனுப்பிய கோப்பில்
பதினோராயிரம் புள்ளிகள்.
நிக்கலைச் சுற்றி ஆறு நைதரசன்,
சொன்ன இடத்தில், சொன்ன தூரத்தில்.
பிரச்சினை எதிர்ப்பக்கத்தில்.
குளோரீன் நடுவில் அசையாமல் இருக்கிறது,
நான்கு ஒட்சிசன் இருக்க வேண்டிய இடத்தில்
ஏழு மேகம்.
ஒன்று நிலையாக நிற்க, மற்ற மூன்றும்
இங்கேயும் இருக்கின்றன, அங்கேயும் இருக்கின்றன.

அயனை மாற்று என்று எழுதினாள் ஹேட்விக்,
அடங்கி இருக்கிற ஒன்றைப் போடு.
அவளுக்குத் தெரியாது அந்த ஏழு மாதம்.

பாடநூலில் இதற்குப் பெயர் ஒழுங்கின்மை.
நான் கண்டதோ கணக்குத் தப்பாத ஒன்று:
நூறு கூட்டில் அறுபத்திரண்டில் இந்தப் பக்கம் சாய்ந்து,
மிச்சத்தில் அந்தப் பக்கம்.
எந்தக் கூட்டில் எது என்று கேட்டால்
கதிருக்கும் தெரியாது.
யூபிஎஸ் கீச்சிட, திரை மங்குமுன் தட்டினேன்:
தசம் ஆறு இரண்டு.
தசம் மூன்று எட்டு.
இரண்டையும் அழிக்காமல் சேமித்தேன்.

மாதக் கடைசியில் இருப்புப் பதிவேடு.
அலுமாரிப் பூட்டைத் திறந்து போத்தலை நிறுத்து
மெத்தானந்த எண்ணை வாசிக்க, நான் எழுத,
பதினொரு மில்லிகிராம் குறைகிறது.
காரணம் என்ற கட்டம் காலியாக விடக்கூடாது.
கொட்டுண்டது என்று போடுவோமா, மிஸ்?
யோசித்துவிட்டு, தெளிவான எழுத்தில்,
இரண்டு மொழியிலும் எழுதினேன்:
பளிங்குக்குள் இருக்கிறது.